தவளை வீட்டுத் தட்டு

ஊரில் எங்களைத் தவளை வீடு என்பார்கள். அழியவிருந்த உயிரினங்களை அரசாங்கம் வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது எங்களுக்கு வந்தவை கட்டைவிரல் அளவுள்ள சோலைத் தவளைகள். வேறெங்கும் அவை இல்லை. அன்று முதல் பெரிய குளியலறை அவற்றுக்குத்தான்.

மகள் அல்லியைப் பெண் கேட்டு வந்தவர்கள் வரையாட்டு வீட்டார். பெண் புகுந்த வீட்டின் உயிரைத்தான் காக்க வேண்டும் என்பது சட்டம். வாரிசு இல்லாத வீட்டின் உயிரைக் கைவிட்டுவிடுவார்கள். அல்லி எங்களுக்கு ஒரே பிள்ளை.

நிச்சயத் தட்டைக் கையில் எடுத்தேன். குளியலறையில் தவளைகள் கத்தத் தொடங்கின.

மாப்பிள்ளையின் அப்பா தில்லைநாயகம் சிரித்தார். "கல்யாணம் முடிஞ்சா இந்தச் சத்தம் இருக்காதுங்க சம்பந்தி. தவளைதானுங்களே, போனாப் போகுது."

தட்டைக் கீழே வைத்தேன்.

"உங்க வரையாட்டப் பாத்துக்க உங்க சின்னப் பையன் இருக்காருங்க. மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வரட்டும். அப்பத் தட்டு மாத்திக்கலாம்."

"எம்பையன் வீட்டோட மாப்பிள்ளையா? தவளைக்காகவா?"

"எங்க வீட்டுக்காகங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். வாசலில் செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. அல்லி என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மாப்பிள்ளை இளஞ்சேரன் மட்டும் நாற்காலியில் அப்படியே இருந்தார். குளியலறைக் கதவைக் காட்டி, "இதுங்களுக்கு என்ன தீனி போடுவீங்க?" என்று அல்லியிடம் கேட்டார்.