துண்டின் பின்பக்கம்

“‘றொவீனாவுக்கு வாசிக்கவே தெரியா, எல்லாத்தையும் வாய்க்குள்ளயே விழுங்குறாள்.’ இப்பிடித்தானே ஃபாதரிட்டச் சொன்ன நீ?”

காலைப் பூசை முடிந்து சனம் படியிறங்குமுன்னே றொவீனா பேர்னிஸை மறித்துக்கொண்டாள்.

“ஓம், சொன்னன்தான்,” என்றாள் பேர்னிஸ். “பின்னால வாங்கில குந்தியிருக்கிற எனக்கு ஒரு சொல்லும் கேக்கல்ல. நாளைக்குச் சத்தமா வாசி கா.”

“கான்வென்ட்டில வாசிப்புக்குப் பரிசெடுத்தவள் நான். நீ எனக்குப் படிப்பிக்கிறியா?”

நாலு வருசமாகக் கோயிலில் மன்றாட்டுத் துண்டுகளை வாசிப்பவள் றொவீனா. சுனாமிக்குப் பிறகு மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவளை அதற்கு இழுத்துவந்ததும் இதே பேர்னிஸ்தான். விடியவிடிய வாசலில் வந்து நிற்பாள். “கோயில்ல வாசிக்க ஆளில்ல கா, வா.” கரைச்சல் பொறுக்காமல் ஒருநாள் போனாள். வாசிக்க மூன்று பேர் ஏற்கெனவே இருந்தது பிறகுதான் தெரிந்தது. அதற்கும் ஒரு சண்டை.

துண்டுகளை வாசலிலுள்ள பெட்டியில் சனம் எழுதிப் போடும். முன்பக்கம் எல்லாருக்கும் வாசிக்க. ஊருக்குச் சொல்ல விருப்பமில்லாததைப் பின்பக்கம் எழுதலாம். அது ஆண்டவருக்கு மட்டும். றொவீனா வாய்க்காரிதான், ஆனால் ஒருநாளும் புரட்டிப் பார்த்தவளில்லை.

“விழுங்காம என்ன செய்ய? தினமும் உன்ட துண்டு ஒண்டு. ‘பெற்ற நன்மைக்கு நன்றி, பேர்னிஸ்.’ என்ன நன்மை? நத்தாருக்கு அடுத்த நாள் கடல் வந்து என்ட பிள்ளைகள் றிக்கியையும் தானியாவையும் கொண்டு போச்சு. நான் ஒருநாளாவது நன்றி எழுதினனா?”

“நீ எழுதாட்டி நானும் எழுதக் கூடாதா?”

“எழுது, எழுது! உன்ட மகன் ஷோன் லொறி கொண்டு வன்னிக்குப் போய் எட்டு மாசம். யுத்தம் முடிஞ்சிதெண்டு ரவுணில வெடி கொளுத்தியும் ஒரு கிழமையாச்சு. ஷோன் முகாமிலயும் இல்ல, ஆசுப்பத்திரியிலயும் இல்ல. இதுவும் நன்மையா கா?”

சொன்ன பிறகுதான் நாக்கு சுட்டது. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்து றொவீனாவுக்குப் பழக்கமில்லை.

பேர்னிஸ் பெட்டியடிக்குப் போனாள். கட்டித் தொங்கிய பென்சிலால் துண்டொன்றில் என்னவோ எழுதிப் போட்டாள். குடையை விரித்துக்கொண்டு வாவிக்கரைப் பக்கம் நடந்தாள்.

மறுநாள் பின்வாங்கு வெறுமையாக இருந்தது.

றொவீனா வேண்டுமென்றே கோயில் அதிர வாசித்தாள். “பெற்ற நன்மைக்கு நன்றி, பேர்னிஸ்!”

கேட்கவேண்டியவள் இல்லை. நாலு வருசத்தில் முதல் தடவையாகத் துண்டைப் புரட்டினாள்.

‘ஆண்டவரே, இண்டைக்கும் றொவீனா எழும்பி வந்தாள். நன்றி. இப்ப என்னோட சண்டை பிடிக்கவும் பெலன் வந்திட்டு, இனி அவளுக்குப் பயமில்ல. எழும்ப எனக்குத்தான் ஏலாமக் கிடக்கு. நாளைக்கு மட்டும் காணும், ஒரு நாளைக்குரிய பெலன் தாரும்.’

மிச்சத் துண்டுகளை றொவீனா பக்கத்திலிருந்த ஆளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

பேர்னிஸின் கதவு சாத்தியிருந்தது. யன்னலும்தான். உள்ளே கட்டில் ஒருமுறை முனகி அடங்கியது.

“பேர்னிஸ்! கோயில்ல வாசிக்க ஆளில்ல கா. நாளைக்கு நீ வா.”



றொவீனா படியில் குந்திக்கொண்டாள். பின்வாங்குக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள்:

“வாசிக்க ஆளில்ல கா. வா.”