பாஸ்டன்காரன் கற்ற மரியாதை

"டீ குடிக்கிறீங்களா?" என்று ப்ரீடா கேட்டதும், பாஸ்டனிலிருந்து தாத்தாவின் ஊரான அந்த அயர்லாந்துக் கிராமத்துக்கு வந்திருந்த டெஸ்மண்ட் உடனே தலையாட்டினான்.

"ஐயோ அமெரிக்கா! எங்க ஊர்ல கேட்டதுமே சரின்னு சொல்லக் கூடாது. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டு, மூணாவது தடவைதான் வாங்கிக்கணும். அதான் மரியாதை."

அதன்பிறகு எந்த வீட்டிலும் அவன் தவறவில்லை.

பிப்ரவரி கடைசி நாள். சர்ச் வாசலில், ஊரே பார்க்க ப்ரீடா கேட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறியா, டெஸ்மண்ட்?"

மனசு துள்ளியது. அடக்கிக்கொண்டு, "பரவாயில்ல, வேண்டாம்" என்றான்.

ஊர் கைதட்டிச் சிரித்தது.

ப்ரீடாவும் சிரித்தாள். "இன்னைக்கு இருபத்தொன்பது. லீப் வருஷத்துல இந்தத் தேதியில ஒரு பொண்ணே வந்து கட்டிக்கிறியான்னு கேட்டு, வேண்டாம்னு சொன்ன ஆம்பளை, அவளுக்குப் பட்டு கவுன் வாங்கித் தரணும். எங்க வழக்கம்."

"அப்ப கல்யாணம்?" என்று பதறினான்.

"முதல்ல கவுனை வாங்கிட்டு வா. அதைப் போட்டுக்கிட்டு மறுபடி கேக்குறேன். அப்பவும் மரியாதை பார்த்தேன்னு வை, தொலைஞ்சே!"