ஜிம்மிக்குப் பச்சைக்கறி

தவக்காலத்தில் கிரேஸி தினமும் மாட்டுக்கறி வாங்குகிறாள் என்ற செய்தி பங்குத்தந்தை வரைக்கும் போய்விட்டது.

கொண்டுபோனவர் மாதர் சங்கத் தலைவி அன்னம்மாள். ஆம்பூரில் அந்த மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள் தவக்காலம் முடியும்வரை ஒருசந்தி இருந்து, கவுச்சியைத் தொடமாட்டார்கள். ஈஸ்டருக்குத் தனியாகப் பாடப்போகிறவளே கறிப்பையோடு திரிந்தால் எப்படி என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிந்தது.

பூசை முடிந்ததும் ஃபாதர் இன்பராஜ் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"எங்க வீட்டு நாய்க்கு ஃபாதர்," என்றாள் கிரேஸி.

ஷூ கம்பெனியில் தையல் வேலை அவளுக்கு. அவளுடைய ஜிம்மிக்கு உடம்பெல்லாம் சொறி. சோறு, பிஸ்கட் எது கொடுத்தாலும் அரிப்பு. கடைசியில் வேலூரில் ஒரு நாய் டாக்டர், கொஞ்ச நாளைக்குப் பச்சைக்கறியும் பச்சை எலும்பும் மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்றிருக்கிறார். இப்போதுதான் முடி முளைக்க ஆரம்பித்திருக்கிறதாம்.

"நாய் பேரச் சொல்லி யாரு தின்றாங்கன்னு ஆண்டவருக்குத்தான் தெரியும்," என்றார் அன்னம்மாள்.

ஃபாதருக்கு வம்பு வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் கறி வாங்குவதை நிறுத்தினால் பேச்சு அடங்கிவிடும், இல்லாவிட்டால் பாட்டை வேறு யாருக்காவது கொடுக்க வேண்டியிருக்கும் என்றார்.

இத்தனை வருஷம் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடிய கிரேஸிக்கு இந்த வருஷம்தான் தனிப்பாட்டு கிடைத்திருந்தது. ஆனாலும் அவள் தயங்கவில்லை.

"ஒருசந்தி எனக்குத்தான் ஃபாதர், நாய்க்கு இல்ல. பாட்ட வேணா வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. ஜிம்மிக்குக் கறிய நிறுத்த மாட்டேன்."

அந்தப் பிடிவாதம் ஃபாதரை அசைத்துவிட்டது. எதற்கும் கடைக்காரரையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தார். கோயில் திருவிழாவுக்குக் கறி கொடுக்கும் அஹமது பாஷாதான் அவர்.

"போனெல்லாம் எதுக்கு ஃபாதர்? நாமளே பேசி முடிச்சுக்கலாமே," என்றார் அன்னம்மாள். அதற்குள் ஃபாதர் கிரேஸியின் பெயரைச் சொல்லிக் கேட்டு, ஸ்பீக்கரில் பாஷாவின் பதிலும் வந்துவிட்டது.

"கிரேஸி அக்காவா? எலும்பும் கொழுப்புமா, துண்டு போடாம வாங்கிட்டுப் போவாங்க ஃபாதர். அது நாய்க்குத்தான். இன்னொரு அம்மா இருக்காங்க, உங்க மாதர் சங்கத் தலைவி. அவங்க நாய்க்குத்தான் பேஜார் ஜாஸ்தி. தொடைக்கறியா வேணும், பிரியாணி சைஸ்ல துண்டு போடணும், கொழுப்பு ஒட்டியிருக்கக் கூடாது."

ஃபாதர் போனை வைத்தார். அன்னம்மாள் வீட்டில் நாய் கிடையாது. நாயென்றால் அவருக்கு ஆகாது என்பது தெருவுக்கே தெரியும்.

ஃபாதர் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறப்பதற்குள் கிரேஸி முந்திக்கொண்டாள்.

"அதுவும் எங்க ஜிம்மிக்குத்தான் ஃபாதர். எனக்கு ஷிஃப்ட் இருக்கிற நாள்ல அக்காதான் வாங்கியாந்து குடுக்கறாங்க. பாவம், நாய்க்கு எப்டி வாங்கறதுன்னு அவங்களுக்குத் தெரியல."

ஃபாதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஈஸ்டருக்குக் கிரேஸியே பாடட்டும் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

வாசல் வரைக்கும் அன்னம்மாள் தலை நிமிரவில்லை. அங்கே நின்று மெல்லக் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா கிரேஸி?"

"தெனம் கடையில உங்க பின்னாலதானே நிக்கறேன்," என்று செருப்பை மாட்டினாள் கிரேஸி. "நாளைக்கு எனக்குக் காலை ஷிஃப்ட்டுக்கா. நெஜமாவே ஜிம்மிக்கு வாங்கியாந்துடுங்க. துண்டு மட்டும் போட வேணாம்."