மார்கழி மூட்டை

மலையிலிருந்து இறங்கி ஓடி வந்த அங்கமுத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. தலைமுடியெல்லாம் பனி.

அவன் பெண்டாட்டி சின்னாயி முதுகு மூட்டையை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கும் காப்பித் தோட்டத்து மணி முந்திக்கிச்சுங்களா?"

"ஆமா."

களுக்கென்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் அக்கா கந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புருசன் உசுரு போக ஓடி வாரான். இவளுக்குச் சிரிப்பு வருது பாரு!"

விஷயம் இதுதான். மலைமேல் இருக்கும் தபால் ஆபீசுக்குப் பை சுமந்து ஓட ஒரு ஆள் தேவைப்பட்டது. தை மூன்றாம் தேதி பரீட்சை. சூரமங்கலத்தில் விடிகாலை ரயில் ஊதும்போது அடிவாரத்தில் புறப்பட்டு, மேலே காப்பித் தோட்டத்து மணி அடிப்பதற்குள் இருபது ராத்தல் பையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் சர்க்கார் வேலை.

சேர்க்காவிட்டால் இலங்கைத் தேயிலைத் தோட்டம். இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிவிட்டதில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணிக்கு வாக்கே கொடுத்துவிட்டான். தை பத்தாம் தேதி அவரோடு கிளம்ப வேண்டும், ஒற்றை ஆளாக.

கார்த்திகைக் கடைசியில், மளிகைக் கடையில் ஒரு சாக்கை இரவல் வாங்கி, இருபது ராத்தல் மணலை நிறுத்துப் போட்டுப் பழக ஆரம்பித்தான். முதல் நாலு நாளும் மணிக்கு முன்னால் மேலே போய் நின்றான்.

மார்கழி பிறந்தது. பிடித்தது சனியன்.

அந்த வருஷம் பனியென்றால் அப்படியொரு பனி. மலைப் புல்லெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை. கால்விரல் இருக்கிறதா என்று அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஊரில் மற்றவர்களுக்கு ஓட ஓடக் கால் பழகும். அங்கமுத்துவுக்கு மட்டும் ஓட ஓட நேரம் ஆகிக்கொண்டே போயிற்று.

சின்னாயி மார்கழி முழுக்க இருட்டோடு எழுந்து, ஊர்ப் பெண்களோடு போய் ஓடைக்கரைப் பிள்ளையாருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். அப்புறம் புருஷனை எழுப்பி, மூட்டையைத் தன் கையாலேயே முதுகில் கட்டி அனுப்புவாள்.

"நீ ஊத்த ஊத்தத்தான் எங்காலு ஓட மாட்டேங்குது" என்றான் ஒருநாள். "பிள்ளையாருக்குக் குளிரெடுத்துக் கோவம் வந்துருச்சாட்ட இருக்குது. நிறுத்திப்போடு புள்ள."

"ஒரு மாசம்னு நேந்துக்கிட்டனுங்க. நிறுத்தப்படாது."

சொல்லிவிட்டு அதற்கும் ஒரு சிரிப்பு.

அங்கமுத்துவுக்கு மனசு வலித்தது. நான் கப்பலேறிப் போனால்கூட இவளுக்கு ஒன்றுமில்லை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவளை ஒருநாள்கூடப் பிரிந்து இருந்ததில்லை அவன்.

மார்கழிக் கடைசி நாள், இரண்டு வளைவு பாக்கி இருக்கும்போதே மணி அடித்துவிட்டது. பாதையில் உட்கார்ந்து அழுதான்.

வீட்டுக்கு வந்ததும், "நா பரீட்சைக்குப் போகல. கங்காணி கூடவே போயிர்றேன். இந்தச் சாக்கைக் கடைக்காரருக்குக் குடுத்தரலாம்" என்று சாக்கின் வாயைப் பிரிக்கப் போனான்.

சின்னாயி பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

"ஒருக்காப் போயிட்டு வாங்க சாமி. அப்புறம் சாக்க என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

அவள் கண் கலங்கியிருந்தது. சரியென்று தலையாட்டினான்.

பரீட்சை நாள். அடிவாரத்தில் போஸ்ட் மாஸ்டர் பையைத் தூக்கி அவன் முதுகில் வைத்தார்.

"ஏனுங்க, இது இருபது ராத்தல் இருக்குதுங்களா?"

"நிறுத்துத்தானே வெச்சிருக்கேன்? ஏன், கனமா இருக்கா?"

"இல்லீங்க" என்றான் அங்கமுத்து. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ரயில் ஊதியது. அதே பனி, அதே பாதை. கால்தான் வேறு யாருடையதோ போல் ஓடியது. மேலே போய்ச் சேர்ந்தபோது, காப்பித் தோட்டத்தில் மணி அடிக்கிற ஆள் அப்போதுதான் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும் வழியெல்லாம் அங்கமுத்து தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் நுழையுமுன்பே, "அக்கா! வேலை கிடைச்சிருச்சு!" என்று ஊர் கேட்கக் கத்தினான். கந்தம்மாள் ஓடி வந்தாள்.

"மொதல்ல கடைக்காரர் சாக்கைக் குடுக்கோணும்" என்று சாக்கை எடுத்து வாசலில் கவிழ்த்தான்.

மணல் கொட்டியது. மணலோடு சேர்ந்து பொதபொதவென்று கற்களும் விழுந்தன. ஒவ்வொன்றும் எலுமிச்சங்காய் அளவு. வழுவழுவென்று, ஓடைக்கரைப் பிள்ளையாரைச் சுற்றிக் கிடக்குமே, அதே கற்கள்.

அங்கமுத்து கல்லைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என்ன புள்ள இது?"

"பிள்ளையாருக்கு நித்தம் ஒரு கொடம் தண்ணி. உங்களுக்கு நித்தம் ஒரு கல்லு. அதானுங்க என் நேர்த்தி. சொல்லியிருந்தா நீங்க ஒண்ணுகூடப் போட உட்டிருக்க மாட்டீங்க."

கந்தம்மாள் வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! இத்தனையுமா எந்தம்பி முதுகுல ஏத்துன?"

சின்னாயி காலிச் சாக்கை உதறி மடித்தாள்.

"கப்பல்ல ஏத்தி அனுப்பறதுக்கு இது தேவலைங்க அக்கா."