உயிர்ப் பேணி

பலகையில் எச், எம், எம் கட்டைகளை வைத்தேன். 'ம்ம்.' யோசிக்கிறபோது போடுகிற சத்தம். இங்கிலீசு அகராதியிலும் இருக்கிறது.

கனகசூரியம் மாஸ்டர் தன் கட்டைகளை நகர்த்தி நகர்த்தி அடுக்கினார். அந்த அகராதியைக் கரைத்துக் குடித்தவர். எனக்குப் புருசன்.

கலியாணம் கட்டிய நாள் முதல் இந்த எழுத்துக்கட்டை விளையாட்டில் அவரிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். ஆருக்கும் தெரியாத சொல்லாகப் பொறுக்கி வைப்பார். வைத்துவிட்டு அர்த்தமும் சொல்வார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இங்கிலீசில உயிரெழுத்தே இல்லாத சொல் இருக்கு, தெரியுமா? குறூத். வேல்ஸ்காரர்ட பழைய வாத்தியம்." இதை வகுப்பு வகுப்பாகப் பீற்றியவர்.

கட்டைகளை இரண்டு பால்மாத் தகரப் பேணிகளில் பிரித்து, தன் பெயரோடு 'உயிர்', 'மெய்' என்று எழுதி ஒட்டியிருந்தார். கடல் வந்தபோது வீட்டோடு உயிர்ப் பேணியும் போய்விட்டது. மெய்யும் பலகையும் வேலியில் சிக்கிக் கிடந்தன.

வெறும் மெய்யை வைத்து என்ன எழுதுவது? நான் எழுதுவேன். முதலில் 'பர்ர்' வைத்தேன், குளிருக்கு. இப்போது 'ம்ம்.' இவரோடு குடும்பம் நடத்தியவளுக்கு இந்தச் சத்தமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு.

மாஸ்டர் "பாஸ்" என்றார்.

முகாம் மண்டபமே திரும்பிப் பார்க்கச் சிரித்தேன். வீடு போன பிறகு சிரித்தது அன்றைக்குத்தான். கையில் ரீ, எஸ், கே இருந்தன. நாக்கைத் தட்டி 'த்ச்சு' கொட்டுகிற சத்தம். வைத்தால் என் கட்டைகள் தீர்ந்துவிடும், வெற்றி.

ஒலிபெருக்கி கத்தியது. "கனகசூரியம் மாஸ்டர்ட உயிர் பனிச்சங்கேணிப் பாலத்தடியில கிடந்திருக்கு. பேணியோட வச்சிருக்கம். வந்து எடுங்க."

பக்கத்துப் பாய் இரத்தினம்மா நெஞ்சில் அடிக்கக் கையை ஓங்கினா. மாஸ்டரைக் கண்டதும் கை அப்படியே நின்றது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அவருடைய கட்டைகளை எட்டிப் பார்த்தேன்.

சீ எழுத்து. ஓர் இடைவெளி. பிறகு டபிள்யூ, ரீ, எச்.

இடைவெளிக்கு வேண்டிய ஆர் என்னுடைய 'பர்ர்'ரில் இருந்தது. குறூத்.

வைத்திருந்தால் எப்போதோ வென்றிருப்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாஸ் சொல்லியிருக்கிறார், மனிசன்.

அரிசி நிவாரணம். பாய் நிவாரணம். உடுத்திருக்கிற சேலையும் ஆரோ தந்தது. இனி வெற்றியுமா? எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

அவர் பேணியைக் குலுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"பாஸ்" என்றேன். "குறூத்த வையுங்க."

என்னைப் பார்த்தார். தன் கட்டைகளைப் பார்த்தார். வைத்தார். வென்றார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அர்த்தம் சொல்லத் தொடங்கினார்.

கையில் மிஞ்சிய சொல்லை நான் வாயாலேயே போட்டேன். 'த்ச்சு.'