அடித்தல் திருத்தலோடு

காலடிப்பேட்டை அன்பரசனின் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்க வந்த மதி, ஒரு தாளை நீட்டினாள். இறந்துபோன கணவன் பீம்ராவுக்காக அவளே எழுதிய கவிதை.

“இன்னாக்கா, வரிக்கு வரி அடிச்சு வெச்சிகிற? நான் நீட்டா டைப் பண்ணிக்கிறேன்.”

“வேணாம்பா. இப்டியே ஸ்கேன் பண்ணு.”

“கலீஜா கீதுக்கா. செவப்பு இங்க் வேற. பாக்கிறவன் சிரிப்பான்.”

மதி செல்போனைக் காட்டினாள். கறுப்பு மையில் சீன எழுத்துகள்; நடுநடுவே அடித்தல், கிறுக்கல்.

“சீனாவுல பிரஷ்ஷால எழுதுற பெரிய எழுத்துக் கலைஞரு ஒருத்தரு. கலகத்துல அவரு அண்ணன் மவனைக் கொன்னுட்டாங்க. ஆத்திரத்துல அழுதுகினே எழுதின இரங்கல் இது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு அடித்தலைக்கூட எவனும் சுத்தம் பண்ணல. எங்க வூட்டுக்காரு லீவு நாள்ல சுவரெழுத்துக்கு பிரஷ்ஷை எடுக்கிறதுக்கு முன்னாடி இதைத்தான் பாத்துகினு இருப்பாரு.”

அன்பரசனுக்கு மனம் இளகியது. “நீயும் அழுதுகினே அடிச்சு அடிச்சு எழுதினியாக்கா?”

“நான் ஒரு எழுத்துகூட அடிக்கலப்பா. அவரு வேலை செஞ்ச கம்பெனி வாசலாண்ட பேனர் வெக்க பர்மிஷன் கேட்டேன். மேனேஜரு திருத்திக் குடுத்தாரு.”

அவன் தாளை விளக்கருகே பிடித்தான். ‘வாயு கசிந்து’ என்பதை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் ‘மாரடைப்பால்’ என்று எழுதியிருந்தது. ‘குழாய் ஒழுகுதென்று மூன்று முறை சொன்னாயே’ என்ற வரி முழுதாக அடிபட்டிருந்தது. கீழே மேனேஜரின் கையெழுத்து, கம்பெனி முத்திரை.

அன்பரசன் ஸ்கேனரைத் திறந்தான்.

“எத்தினி அடிக்கா?”

“கம்பெனி வாசல் அகலத்துக்கு அடி. அந்தச் செவப்பு மட்டும் வெயில்ல வெளுக்காம பாத்துக்கோ.”