திருஷ்டிக்கு விட்ட ஒரு சாண்

வேல்ராஜுக்கு வந்ததே கோபம்! பின்னே, வராதா? வெயிலில் கிடந்து வெளுத்துப் போன வண்டியை அஞ்சு நாளாகத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, பின்கதவுக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சாண் இடத்தைத் தொடாமலே விட்டிருந்தார் பாலிஷ்காரர் மண்ணாங்கட்டி.

"என்ன வே இது? முகத்துல தேமல் விழுந்தாப்ல? சோம்பலுக்கும் ஒரு அளவு வேண்டாமா?"

மண்ணாங்கட்டி நிதானமாக பாலிஷ் மெஷினின் ஒயரைச் சுருட்டினார். "திருஷ்டிக்கு வுட்டது மொதலாளி" என்றார்.

அது சாதாரண வண்டி இல்லை. யாரோ ஒரு மில் முதலாளி குடும்பத்தோடு காசிக்குப் போக ஆசைப்பட்டு, கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே வைத்துக் கட்டிய வீட்டு வண்டி. வெளிப்பக்கம் முழுக்க ஃபைபர். பன்னிரண்டு வருஷ வெயில் குடித்ததில், கையை வைத்தால் கோலமாவு மாதிரி வெள்ளையாக ஒட்டும்.

கையில் இருந்ததையெல்லாம் போட்டு அதை வாங்கி, வடக்குப்பட்டு ஷெட்டில் எட்டு மாசமாக நிறுத்தியிருந்தார் வேல்ராஜ். வந்தவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே போனார்கள். இது விலைபோகாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

நல்லவேளையாக, குன்றத்தூரிலிருந்து பிரவீனா என்று ஒரு பல் டாக்டர் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டிக்குள்ளேயே நாற்காலி போட்டு, ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்க்க அவருக்கு ஆசை. அவருக்கென்றே ஒரு பொய்யையும் வேல்ராஜ் தயார் செய்து வைத்திருந்தார். "இன்ஜின்தான் பழசு, பாடி போன வருஷம் புதுசா கட்டுனது."

மண்ணாங்கட்டிக்கு இது பிடிக்கவில்லை. என்னதான் பாலிஷ் போட்டாலும் ஃபைபரின் மேல்தோல் தேய்ந்துவிட்டது, வருஷத்துக்கு ரெண்டு தபா மெழுகு போட வேண்டும், மூலையில் இருக்கிற மயிரிழை விரிசலை அடைக்காவிட்டால் மழைத்தண்ணி உள்ளே இறங்கும், அந்தம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று முந்தாநாளே சொல்லிப் பார்த்தார். தேய்க்கிறது உம்ம வேலை, பேசுறது என் வேலை என்று அவர் வாயை அடைத்துவிட்டார் வேல்ராஜ்.

இப்போது இந்த ஒரு சாண்.

"பளபளன்னு நிக்கிற வண்டி மேல ஊர்க் கண்ணு பூரா வுழும்" என்றார் மண்ணாங்கட்டி. "எனக்கு முன்னால மூணு கொயந்த தங்கல. அதுக்கோசரம்தான் எனக்கு இந்தப் பேரு. அம்பத்திரண்டு வருசமா கல்லு கணக்கா கீறேன்ல?"

வேல்ராஜுக்குத் திருஷ்டி என்றால் பயம். ராகு காலத்தில் ஸ்பானரைக்கூடத் தொடாத மனுஷன். ஷெட் வாசலில் வாராவாரம் எலுமிச்சை மிளகாய், அமாவாசை தவறாமல் பூசணிக்காய். சுதி இறங்கிப் போய், அந்த ஒரு சாணை பம்பருக்குக் கீழே கண்ணில் படாத இடமாகப் பார்த்து விட்டிருக்கக் கூடாதா என்று கெஞ்சினார்.

"கண்ணு படாத எடத்துல வெச்சா, அது எப்புடி மொதலாளி கண்ணேற கழிக்கும்?"

நியாயம்தானே. வீட்டில் கைக்குழந்தைக்குக்கூடக் கன்னத்தில்தான் மையைத் தீற்றுகிறார்கள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் மண்ணாங்கட்டி போன பிறகு தானே தேய்த்துவிடலாம் என்று பாலிஷ் டப்பாவைத் திறந்தார். சுவரில் பல்லி கத்தியது. பேசாமல் மூடி வைத்துவிட்டார்.

மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார் டாக்டர். முன்பக்கம் பார்த்தார், உள்ளே ஏறி இறங்கினார், வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். நாக்கு நுனியில் பொய்யை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார் வேல்ராஜ்.

"பாடி வந்து டாக்டரம்மா…"

அதற்குள் அவர் பின்கதவுப் பக்கம் போய், அந்த ஒரு சாண் இடத்தில் விரலை வைத்து இழுத்துவிட்டார். விரல் முழுக்க வெள்ளை.

தொலைந்தது என்று நினைத்தார் வேல்ராஜ். சங்கரன்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கண் முன்னால் வந்து நின்றது.

"பாடிக்குப் பத்து வயசுக்கு மேல இருக்கும்போலயே?" என்றார் டாக்டர்.

"பன்னெண்டு."

எப்படித்தான் அது வாயில் வந்ததோ. ஒன்று வந்த பிறகு மற்றது நிற்குமா? விரிசலைக் காட்டினார். மெழுகு, மழைத்தண்ணி என்று மண்ணாங்கட்டி சொன்னதையெல்லாம் வரி விடாமல் ஒப்பித்தார்.

டாக்டர் சிரித்தார். "இதுக்கு முன்னால மூணு வண்டி பார்த்தாச்சு சார். எல்லாமே புது பாடின்னாங்க. நானே பல்லுக்கு பாலிஷ் போடறவ, பளபளப்பைப் பார்த்தா மயங்குவேன்? பழசை மறைக்காம கண்ணுக்கு நேரா விட்டு வெச்சிருக்கற ஆளை இப்பத்தான் பார்க்கறேன். விரிசலை அடைச்சுக் குடுங்க, எடுத்துக்கறேன்."

வேல்ராஜ் நெஞ்சை நிமிர்த்தினார். "நம்ம ஷெட்ல எப்பவுமே அதான் வழக்கம் டாக்டரம்மா" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

டாக்டரின் கார் தெருமுனையில் திரும்புவதற்குள், டீயும் பஜ்ஜியுமாக மண்ணாங்கட்டியிடம் ஓடினார். சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"உம்ம திருஷ்டி சக்தி உள்ளதுதாம் வே. இனிமே ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு சாண் விட்ரும்."

மண்ணாங்கட்டி டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு இந்தத் திருஷ்டி மேலல்லாம் நம்பிக்கை கெடையாது மொதலாளி. உங்களுக்குத்தான் கீதேன்னு அப்டிச் சொன்னேன்."